முகத்துவாரம் வெட்டும் முன்னரே வந்துசேர வேண்டிய ஆய்வு

சுற்றாடல் ஆய்வுகளில் ஈடுபடும் விரிவுரையாளர்கள் தமது முடிவுகளை மக்களிடமும் அலுவலர்களிடமும் கொண்டுசேர்ப்பதற்கு எழுத்தில் உதவுவது என் வேலை. மட்டக்களப்பில் இவ்வேலை பெரும்பாலும் வாவியில்தான் வந்து நிற்கிறது.

ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான இவ்வாவி, பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் கடலோடு சேர்கிறது. மணல் மூடிய முகத்துவாரத்தை மாரியில் எப்போது வெட்டுவது என்ற கேள்விக்குப் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் விவசாயியும் வாவி மீனவரும் ஒரே பதிலைச் சொல்வதில்லை. வயலில் வெள்ளம் நிற்கிறது, உடனே வெட்டுங்கள் என்பார் ஒருவர். வெள்ளத்தோடு இறாலும் கடலுக்குப் போய்விடும், பொறுங்கள் என்பார் மற்றவர். இந்த இழுபறிக்கு நேரடியாக உதவக்கூடிய அளவீடுகள் ஆங்கிலச் சஞ்சிகைகளில் கிடக்க, கச்சேரிக் (மாவட்டச் செயலகக்) கூட்டத்திலோ குரல் உயர்ந்தவரின் பேச்சே எடுபடுகிறது.

அண்மையில் ஒரு கட்டுரையை ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பாக்கினோம். உவர்த்தன்மை ஆயிரத்துக்கு 18 என்றிருந்த இடத்தில், கடல்நீரில் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 35 பங்கு உப்பு என்பதால், ‘கடல்நீரின் பாதியளவு உப்பு’ என்று எழுதினோம். வாசித்த மீனவர் ஒருவர், “அது சரி, எந்த மாசத்துல, எந்த இடத்துல அளந்தீங்க?” என்று கேட்டார். சஞ்சிகைக் கட்டுரையைப் பரிசீலிக்கும் துறைசார் மதிப்பீட்டாளர் கேட்கும் அதே கேள்விதான்! அன்றே மாதமும் இடமும் குறிப்பின் முதல் வரிக்கு ஏறின.

குறிப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும், வெள்ளம் வந்த பிறகு போனால் பயனில்லை. வடகீழ்ப் பருவமழைக்கு முன்னர், பெரும்போக நெற்செய்கைக்கான ஆரம்பக் கூட்டங்கள் நடக்கும் காலத்திலேயே அது வயல்களுக்கான நீர்ப்பாசனத்தைக் கவனிக்கும் வட்டவிதானைமாரின் கைக்கும் மீனவர் சங்கங்களுக்கும் போய்ச்சேர வேண்டும். பதவி உயர்வுக்குச் சஞ்சிகைக் கட்டுரையே பெரிதும் எண்ணப்படும் சூழலில், இதற்கு நேரம் ஒதுக்கத் தயங்கும் விரிவுரையாளரை நான் குறைசொல்ல மாட்டேன். ஆய்வு முன்மொழிவிலேயே இந்த வேலைக்கும் நாளும் பணமும் எழுதிவையுங்கள் என்றே சொல்வேன்.

அலுவலர் கடைசியில், “வெட்டலாமா, வேண்டாமா?” என்றுதான் கேட்பார். மேலும் ஆய்வு தேவை என்று நழுவுவதைவிட, நீர்மட்டம் இவ்வளவானால் இன்ன வயல்கள் மூழ்கும், இத்தனை நாள் பொறுத்தால் மீன்பிடிக்கு இன்ன நன்மை, இவ்விடத்தில் எங்கள் தரவு போதாது என்று பிரித்துச் சொல்வதே நேர்மை. விவசாயியின் இழப்பும் அதே பக்கத்தில் இருக்க வேண்டும். இல்லையேல் அந்த ஆய்வை மீனவர் தரப்பு மனுவாகவே வயற்காரர் வாசிப்பர்.