கத்தோலிக்கப் பங்குக் கல்லறைப் பதிவேட்டில் பெயர் தேடுவோருக்கு

‘சின்னப்பன்’ என்று தேடினால் பங்கின் (ஒரு கோயிலுக்கு உட்பட்ட சபையின்) பழைய மரணப் பதிவேட்டில் ஆள் கிடைக்காமல் போகலாம். குரு (பாதிரியார்) லத்தீனில் எழுதியிருந்தால் சின்னப்பன் ‘பவுலுஸ்’, ராயப்பன் ‘பெத்ருஸ்’, அருளப்பன் ‘யொவான்னெஸ்’, சூசை ‘யோசேபுஸ்’. அதோடு வேற்றுமை உருபும் சேரும்: ‘ஃபிலியுஸ் பவுலி’ என்றால் சின்னப்பன் மகன். ‘பவுலி’யைத் தனிப்பெயர் என்று குறித்துக்கொண்டால் வம்சமே தடம் மாறிவிடும்.

‘ஒபியித்’ (இறந்தார்) என்பதோடு வருவது இறந்த நாள். ‘செபுல்துஸ்’ ஆண் அடக்கம், ‘செபுல்தா’ பெண். ‘ரெலிக்தா’ கைம்பெண். இறந்த தேதிக்கும் அடக்கத் தேதிக்கும் ஒரு நாள் வேறுபாடு சகஜம். கல்லறைக் கல்லைப் பல வருடம் கழித்து நட்டிருந்தால் ஏட்டையே நம்புங்கள்.

1614-இன் ரோமைச் சடங்குநூலே பங்குகளில் மரண ஏடு வைக்கச் சொன்னது. ஆனால் ஏட்டில் உள்ள எல்லோருக்கும் கல் இருக்காது. ஏழைகளுக்கு மரச்சிலுவைதான், அதையும் கரையான் தின்றுவிடும். அதே குழியில் பிறகு இன்னொருவரை வைப்பதும் உண்டு.

கல்லில் எழுத்து மங்கியிருந்தால் கம்பி பிரஷ், ஆசிட் இரண்டும் வேண்டாம். வெறும் தண்ணீர், தேங்காய் நார். காலை ஏழு மணி வெயில் பக்கவாட்டில் விழும்போது படமெடுங்கள். நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்கு முன்பே போய்விடுங்கள். திருநாளுக்காக அடிக்கும் புதுச் சுண்ணாம்பு எழுத்துப் பள்ளத்தை நிரப்பிவிடும்.