பக்கத்து வீட்டுப் பெரியவரின் அரசியல்

பிரிட்டன் அரசியலை பிபிசியில் கேட்பதைவிட எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் கேட்பது சுவாரசியம். வேலிக்கு அந்தப் பக்கம் நின்றே உலகத்தை அலசிவிடுவார்.

அவருடைய முதல் எதிரி தபால்தலை. 2025 ஏப்ரலில் முதல் வகுப்புத் தபால்தலை 1.70 பவுண்டு ஆனது. அதே ஆண்டு ஜூலையில், இரண்டாம் வகுப்புக் கடிதங்களை ஒருநாள் விட்டு ஒருநாள் கொண்டுவந்தால் போதும் என்று தபால் நிறுவனத்துக்கு அனுமதியும் கிடைத்தது. "விலை ஏறுது, வேலை குறையுது" என்பார். மறுக்க முடியவில்லை.

பெரிய கோபம் குளிர்கால எரிபொருள் உதவித்தொகை மேல்தான். வருஷத்துக்கு 200 அல்லது 300 பவுண்டு. 2024இல் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் அதைப் பெரும்பாலான முதியவர்களுக்கு நிறுத்தினார். எதிர்ப்பு கிளம்பியது. அடுத்த ஆண்டே, வருமானம் 35,000 பவுண்டுக்குள் இருந்தால் உண்டு என்று பின்வாங்கினார்கள். என்னைக் கேட்டால், வசதியானவர்களுக்கு நிறுத்தியதில் தப்பில்லை. முதலில் வருமான வரம்பை அவ்வளவு கீழே வைத்ததுதான் தப்பு. குறைந்த வருமான முதியவர்களுக்கான பென்ஷன் கிரெடிட் உதவியின் தகுதிக்குக் கொஞ்சம் மேலே இருப்பவர் ஹீட்டரை அணைத்துவிட்டா உட்கார்ந்திருக்க வேண்டும்?

பிரதமர்கள் பற்றிப் பேச்செடுத்தால் சிரிப்புதான். லிஸ் டிரஸ் பதவியில் இருந்தது 49 நாள். "என் தக்காளிச் செடிகூட அதைவிட நாள் நின்றது" என்றார்.

இலவச பஸ் பாஸை மட்டும் குறை சொல்ல மாட்டார். நாங்கள் 3 பவுண்டு கொடுத்து ஏறுகிற பஸ்ஸில், காலை 9.30க்குப் பிறகு மகாராஜா மாதிரி ஏறிக்கொள்கிறார். அப்புறம் பஸ் லேட் என்று ஒரு புலம்பல்!