ஒழுங்கை எல்லைக்குள் தினமும் ஒரு படம்: ஐப்பசி முதல் பங்குனி வரை

தினமும் ஓர் இயற்கைப் படம். நடந்து போகும் தூரத்துக்குள் எடுக்க வேண்டும். அன்றைய படம் அன்றே எடுத்ததாக இருக்க வேண்டும். இந்த மூன்று விதிகளோடு ஐப்பசித் தொடக்கத்தில் இறங்கினேன். இப்போது பங்குனி. மாரி முழுவதையும் பார்த்தாயிற்று, கோடை தொடங்கிவிட்டது. இடையில் ஒருமுறை நின்று, கிடைத்ததை எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

இடம் யாழ்ப்பாணத்தில் உரும்பிராய்ப் பக்கம். எங்கள் வளவு, படலைக்கு வெளியே ஒழுங்கை, ஒழுங்கை முடிவில் செம்மண் தோட்டங்கள், அதற்கு அப்பால் ஒரு சின்னக் கோயிலும் கேணியும். எல்லை இவ்வளவுதான். மாரி முடியும் நேரத்தில் பண்ணைப் பாலத்துக்குப் போ, கடல்நீரேரிப் பக்கம் பூநாரை நிற்கும், சரசாலைக்குப் போனால் நாரைக் கூட்டம் பார்க்கலாம் என்று பலர் சொன்னார்கள். உண்மைதான், அவை பார்க்க வேண்டிய இடங்கள். ஆனால் வேலைக்குப் போகிற ஒருவருக்கு தினமும் கிடைப்பது விடிந்த பிறகு ஒரு மணித்தியாலமும் பொழுது படும் முன் கொஞ்ச நேரமும்தான். பஸ் பிடித்துப் போய்ச் செய்யும் பழக்கம் முதல் மழைக் கிழமையிலேயே நின்றுவிடும். படலையைத் திறந்தவுடன் தொடங்கக்கூடியதுதான் நிலைக்கும்.

கையில் இருப்பது ஒரு போன், அதில் மாட்டும் சின்ன மக்ரோ லென்ஸ், அண்ணா வெளிநாடு போகும்போது விட்டுப்போன பழைய சூம் கமரா. பூச்சிக்கும் பூவுக்கும் போன், குருவிக்குக் கமரா. இதற்கு மேல் எதுவும் வாங்கவில்லை, வாங்க வேண்டும் என்றும் இன்னும் தோன்றவில்லை.

ஐப்பசியில் முதல் மழை விழுந்த மறுநாள் காலை தோட்டத்து வரம்பில் தம்பலப்பூச்சி வந்திருந்தது. சின்ன வயதில் நெருப்புப்பெட்டிக்குள் போட்டு வைத்தது ஞாபகம் இருந்தாலும், மக்ரோ லென்ஸுக்குள் பார்க்கும்போதுதான் அதன் மேல் மயிர் எவ்வளவு அடர்த்தி என்று தெரிந்தது. எட்டுக் கால். பூச்சி என்று நாங்கள் சொன்னாலும் சிலந்தி, தேள் இவற்றின் இனத்தைச் சேர்ந்தது அது. எடுப்பதில் உள்ள சிக்கல் நிறம். சிவப்பு மண்ணில் சிவப்பு உயிர், மேலே மழை மூட்டம். போன் தானாகவே நிறத்தைச் சமப்படுத்தப் பார்த்து, செம்மண்ணை வெறும் மண்ணிறமாக ஆக்கிவிடும். வெள்ளைச் சமநிலையை (white balance) தானியங்கியில் விடாமல் ‘வெயில்’ என்ற நிலையில் நிறுத்தினேன். மண் மண்ணாக வந்தது. செம்மண்ணில் படம் எடுப்பவர்கள் இதை முதலில் செய்யுங்கள். வெள்ளைக் கொக்கு தோட்டத்துக்குள் நடக்கும்போது, வெயில் மண்ணில் பட்டுத் தெறித்து, அதன் வயிற்றுப் பக்கம் மெல்லிய செம்மஞ்சளாக இருக்கும். தானியங்கி நிலையில் அந்த நிறமும் போய்விடும்.

கொக்கைப் பற்றி இன்னொன்று. வெள்ளைப் பறவையைக் கடும் நிற மண்ணின் முன் எடுத்தால் இறகெல்லாம் ஒரே வெள்ளைத் திட்டாகத்தான் வரும். திரையில் கொக்கின் மேல் விரலை வைத்து, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுத்தால் ஒவ்வொரு இறகும் தனித்தனியாகத் தெரியும். படம் இருட்டாக இருப்பது போலத் தோன்றும், பரவாயில்லை. இருட்டைப் பிறகு கொஞ்சம் வெளிச்சமாக்கலாம். வெளிறிப்போனதை மீட்க முடியாது.

கார்த்திகை மாதம் முழுவதும் கார்த்திகைப்பூ. இதில் நான் நீண்ட நாள் நின்றுவிட்டேன், நிற்கத்தான் வேண்டும். எங்கள் ஒழுங்கையில் வேலிக்கு நட்ட சீமைக்கிளுவைக் கதியால்களுக்கு நடுவே இரண்டு இடத்தில் அது ஏறியிருந்தது. ஏறுவதற்கு அதற்குத் தனியாகப் பற்றுக்கம்பி கிடையாது. இலையின் நுனியே சுருண்டு கொம்பாகி, கிடைத்த குச்சியைப் பிடித்துக்கொள்கிறது. மொட்டு பச்சையாகத் தலைகீழாகத் தொங்கும். விரியும்போது ஆறு இதழும் பின்பக்கமாக மடிந்து மேலே எழும். முதலில் பச்சை கலந்த மஞ்சள், பிறகு மேற்பாதி சிவப்பு, கடைசியில் முழுச் சிவப்பு. ஒரே பூவை ஒரே இடத்தில் நின்று காலையில் காலையில் எடுத்து வரிசையாக வைத்தபோது நிறம் எப்படி நுனியிலிருந்து இறங்கி வருகிறது என்று கண்ணால் பார்க்க முடிந்தது. சூல்தண்டு நேராக நிற்காமல் செங்கோணமாக ஒரு பக்கம் வளைந்து நிற்பதையும் அப்போதுதான் கவனித்தேன். கேசரங்கள் ஆறும் பூவுக்கு வெளியே சுற்றிவர விரிந்திருக்கின்றன. பூவுக்கு வரும் வண்ணத்துப்பூச்சியின் செட்டை அதில் தொடாமல் போக முடியாது.

எடுக்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் கொடியில் கோல்கிசின் என்ற நஞ்சு இருக்கிறது, கிழங்கிலும் விதையிலும் அதிகம். சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் பார்க்க மட்டும் விடுங்கள். மழைக்காலம் முடிய கொடி காய்ந்து மறைந்துவிடும், கிழங்கு மட்டும் மண்ணுக்குள் இருந்து அடுத்த மாரிக்கு முளைக்கும். ஆகவே தையில் வேலி துப்புரவாக்கும்போது கிழங்கோடு கிண்டி எறியாமல் விட்டால் போதும், அடுத்த வருடமும் அதே இடத்தில் பூக்கும்.

மார்கழி கடினமான மாதம். விடாத மழை, வெளிச்சம் இல்லை, வாடைக் காற்று வேறு. அந்த நாட்களில் கிணற்றடி வாழையும், கிணற்றுக் கட்டின் பாசியும், மழைக்கு ஒதுங்கிய தவளையும்தான். மழை மூட்டம் பாசிக்கும் இலைக்கும் நல்லது, நிழல் இல்லாமல் சீரான வெளிச்சம் கிடைக்கும். காற்றில் ஆடும் கொடியை ஒரு கையால் தண்டில் மெதுவாகப் பிடித்துக்கொண்டு மறு கையால் எடுத்தேன். இன்னும் நல்ல வழி, விடிந்தவுடன், காற்று எழும்பும் முன்னே போய்விடுவது.

தையில் வானம் வெளித்தது. சீமைக்கிளுவை இலை உதிர்த்து இளஞ்சிவப்புப் பூவாக நின்றது. கருவண்டும் தேன்சிட்டும் விடிந்ததிலிருந்து அதில்தான். மின்கம்பியில் கரிச்சான். ரெட்டைவால் குருவி என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். தினமும் பார்ப்பதால் நாங்கள் பெரிதாக எண்ணுவதில்லை. ஆனால் இலங்கையில் கரிச்சானை வடக்கிலும் வடமேற்குக் கரையோரத்திலும்தான் காணலாம், தெற்கே போனால் வயிறு வெள்ளையான இன்னொரு வகைதான். கௌதாரியும் அப்படித்தான், சாம்பல் நிறக் கள்ளிப்புறாவும் அப்படித்தான். எங்கள் தோட்டத்து வரம்பில் நிற்கிற மூன்று சாதாரணப் பறவைகளைப் பார்க்கவே கொழும்பிலிருந்து ஆட்கள் மன்னாருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் வருகிறார்கள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு கரிச்சானை எடுக்கும் விதமே மாறியது. மாடு மேயும் இடத்தில் காத்திருந்து, மாட்டின் காலடியில் கிளம்பும் பூச்சியை அது பாய்ந்து பிடிக்கும் கணத்தை எடுக்க முயன்றேன். ஒரு நல்ல படம் கிடைத்தது. ரெட்டை வால் விரிந்து, கண்ணில் வெளிச்சப் புள்ளியோடு. இந்த ஆறு மாதத்தில் எனக்கு மிகப் பிடித்த படம் அது.

ஆறுமணிக்குருவியும் வந்தது. வட இந்தியாவிலிருந்து மாரிக்கு முன் இங்கே வந்து கோடையில் திரும்பிப் போகும் குருவி. அத்தனை நிறம் இருந்தும் வேலியடிச் சருகுக்குள் நின்றால் கண்ணுக்குப் படாது. சத்தம் கேட்டு, அசையாமல் குந்தியிருந்தால்தான் வெளியே வரும்.

பின்வளவுக் கறிவேப்பிலையில் இன்னொரு தொடர். இலையில் காகம் எச்சமிட்டது போல ஒன்று ஒட்டியிருந்தது. தொட்டுப் பார்த்தால் புழு. எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு சின்னதாக இருக்கும்போது இப்படித்தான் எச்சம் போல இருந்து தப்பிக்கும், வளர்ந்ததும் இலைப் பச்சையாகிவிடும். சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு கொம்பு மாதிரி ஒன்றை நீட்டும், ஒரு காரமான மணம் வரும். அம்மா குழம்புக்கு இலை ஆயும்போது அந்தக் கிளையை மட்டும் விட்டுவிட்டார். கூட்டுப்புழு நூல் கச்சையால் தன்னைத் தண்டோடு கட்டிக்கொண்டது. வண்ணத்துப்பூச்சி வெளியே வந்த காலையில் நான் வேலைக்குப் பிந்தித்தான் போனேன். கசங்கிய செட்டை, உடம்பிலிருந்து நீர் ஏற ஏற, நீவிவிட்ட துணி மாதிரி விரிந்தது. அம்மாவும் பக்கத்தில் நின்று கடைசிவரை பார்த்தார்.

சரி, இப்போது வேலிக்கு வருகிறேன்.

மாசியில் படங்களை மாத வரிசையில் இல்லாமல் எடுத்த இடத்தின்படி பிரித்து வைத்தேன். கிணற்றடி, தோட்டம், கேணியடி, ஒழுங்கை. ஒழுங்கையை மட்டும் இன்னும் இரண்டாகப் பிரித்தேன், ஏனென்றால் எங்கள் ஒழுங்கையின் ஒரு பக்கம் கூடுதலாக மதில், மறு பக்கம் இன்னும் வேலி. மதில் பக்கத்தில் வெயில் காயும் ஓணான், குளவியின் மண்கூடு, மாரியில் படர்ந்த பாசி. அவையும் நல்ல படங்கள்தான். மற்ற எல்லாம் வேலியில். கார்த்திகைப்பூ வேலியில் ஏறியது. செண்பகப் பறவை வேலியடியால் நடந்து போனது. கொவ்வைப்பழத்துக்கு வந்த குயில், முசுட்டைக் கொடியில் நெய்த சிலந்தி, பூவரசம்பூ காலையில் மஞ்சளாக விரிந்து பொழுது படச் சிவந்தது, வேலிப் பொட்டுக்குள்ளால் தலை நீட்டிய கீரி, எல்லாம் வேலியில்.

யோசித்துப் பார்த்தால் காரணம் விளங்கும். யாழ்ப்பாணத்தில் காடு குறைவு, வீட்டுக்கு வீடு வளவு. ஒரு வளவின் வேலி அடுத்த வளவின் வேலியோடு சேர்ந்து, தோட்டம் வரை, கோயில் வரை தொடர்ந்து போகிறது. கிளுவை, பூவரசு, ஆடாதோடை, முள்முருக்கு, இடையில் தானாக முளைத்த கொடிகள், அடியில் வருடக்கணக்கான சருகு. நிலத்தால் நடக்கும் குருவிக்கும் கீரிக்கும் அதுதான் வழி. நடுவில் ஒரு வீட்டுக்காரர் மதில் எழுப்பினால் அந்த வழி அந்த இடத்தில் அறுந்து போகிறது.

மதில் கட்டுகிறவர்களைக் குறை சொல்ல வரவில்லை. கள்ளர் பயம் உண்டு. கதியாலை அரக்கி நட்டு எல்லைச் சண்டை வந்த கதை ஊருக்கு ஊர் உண்டு. வேலி அடைக்க ஓலையும் வேண்டும், ஆளும் வேண்டும், கூலியும் வேண்டும். பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில் இருக்க, தனியே இருக்கும் வயதானவர்களால் வருடா வருடம் இதைச் செய்ய முடியாது. ஆனாலும் நான்கு பக்கமும் மதில் வேண்டுமா என்று கேட்கத்தான் வேண்டும். ரோட்டுப் பக்கம் மதிலும் பின்வளவுப் பக்கம் உயிர்வேலியும் இருந்தாலே போதும், செண்பகத்துக்கும் கீரிக்கும் வழி இருக்கும்.

வேலியில் படம் எடுப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். வேலிக்கு அந்தப் பக்கம் ஒருவருடைய கிணற்றடி. சூம் லென்ஸோடு ஒருவர் வேலியைப் பார்த்து நின்றால் உள்ளே குளிக்கிறவர்களுக்கு எப்படி இருக்கும்? நான் எப்போதும் கமராவை ஒழுங்கைக்கு நேராகவே பிடிப்பேன், குறுக்கே வளவுக்குள் திருப்புவதில்லை. வேலிக்காரரிடம் முதலிலேயே சொல்லிவைத்தேன், எடுத்ததைக் காட்டவும் செய்தேன். கூடு கண்டால் கிட்டப் போவதில்லை, எந்த வேலி என்று எவருக்கும் சொல்வதுமில்லை.

அப்படித்தான் பக்கத்து வளவு அன்ரி பழக்கமானார். முதல் நாள் படலைக்குள் நின்று, “என்ன பிள்ளை, என்ர வேலிக்குள்ள பாம்பு கீம்பு நிக்குதோ?” என்று கேட்டார். செண்பகம் என்றேன். “அது நான் கலியாணம் முடிச்சு வந்த காலத்திலயிருந்து நிக்குது” என்றார். அவருடைய மகன் இந்த வருடம் வளவைச் சுற்றி மதில் கட்டப் பணம் அனுப்பியிருந்தார். அவருடைய வேலியில் எடுத்த படங்களை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து மாசியில் கொண்டுபோய்க் காட்டினேன். ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தார். மகனுக்கும் அனுப்பச் சொன்னார், அனுப்பினேன். ஒழுங்கைப் பக்கம் மதில் எழும்பிவிட்டது. தோட்டப் பக்கத்து வேலியை அப்படியே விடுவது என்று முடிவாகியிருக்கிறது. செத்துப்போன கதியால்களுக்குப் பதிலாக அடுத்த மாரிக்குப் புதிது நட வேண்டும், தடி வெட்டித் தர நான் ஒத்துக்கொண்டிருக்கிறேன்.

இனி வருவது கோடை. சித்திரை வருடப்பிறப்பை ஒட்டி யாழ்ப்பாணத்தில் மத்தியானச் சூரியன் நேர் உச்சிக்கு வரும், ஓகஸ்ட் கடைசியில் இன்னொரு முறை. அந்த நாட்களில் எட்டு மணிக்குப் பிறகு எடுக்கும் படங்களில் கடும் நிழல்தான் மிஞ்சும், ஆகவே காலை நேரத்தை இன்னும் முன்னுக்குத் தள்ளப் போகிறேன். நிழலையே பொருளாக வைத்து, பனையின் அடியில் விழும் வட்ட நிழலை உச்சி வெயிலில் எடுத்துப் பார்க்கும் எண்ணமும் உண்டு. வைகாசியில் சோளகம் என்ற தென்மேற்குக் காற்று எழும்பிவிடும். வாடையைப் போல அது காலையில் அடங்கிக் கிடக்காது, பகல் முழுக்கப் புழுதியோடு வீசும். அந்தக் காற்றில் பூச்சியை மக்ரோவில் எப்படி எடுப்பது என்பதற்கு இன்னும் வழி கிடைக்கவில்லை. செய்து பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.