ரோமம் போர்த்திய யானைகள்

சேலத்துச் சித்திரை வெயிலில், மிருக உருவங்களுக்குத் தோல் வார்க்கும் சிலிக்கோன் ரப்பர் நினைத்ததைவிடச் சீக்கிரம் இறுகிவிடுகிறது. லண்டனில் சினிமாவுக்கு மிருக உருவங்கள் செய்யும் பட்டறையில் வேலை பார்த்தேன். அங்கே அதன் இரண்டு பாகத்தையும் கலந்த பிறகு நிறம் சேர்த்து, காற்றுக்குமிழ் எடுத்து, நிதானமாக அச்சில் ஊற்ற முடியும். அஸ்தம்பட்டியில் எங்கள் மாடி அறையிலோ பாதி வேலையிலேயே கலவை கெட்டியாகத் தொடங்கும். எண்ணெய்க் களிமண்ணும் அப்படித்தான், மதியத்தில் தொட்டால் விரல் உள்ளே போகிறது. அதனால் ஊற்றுகிற வேலையை விடிவதற்கு முன்னால் வைத்துக்கொண்டேன். உருவம் செதுக்குவது ஏற்காட்டில், சின்ன மாமனார் வீட்டுத் திண்ணையில். அங்கே களிமண் சொன்னபடி கேட்கும். ஆனால் பனி மூட்டமான நாட்களில் பிளாஸ்டர் அச்சு லேசில் காயாது. அதைக் காரில் வைத்து இருபது கொண்டை ஊசி வளைவும் இறக்கி, சேலத்து மொட்டை மாடியில் காயவைக்க வேண்டும். ஒரு ஊருக்குப் பழகுவது எனக்கு இப்படித்தான் தொடங்கியது.

யாழ்ப்பாணத்துக் குடும்பம் எங்களுடையது, நான் வளர்ந்தது லண்டனில். கணவர் சேலத்துக்காரர். மாமாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் இங்கேயே வந்துவிட்டோம். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர்கள் இங்கே தங்குவதற்கான ஓ.சி.ஐ. அட்டை, வங்கிக் கணக்கு, கேஸ் இணைப்பு எல்லாம் ஒவ்வொன்றாக முடிந்தன. அதில் சொல்ல ஒன்றுமில்லை. என் வேலையைப் புரியவைப்பதுதான் பெரிய பாடாக இருந்தது. "சினிமாவுக்கு மிருகம் செய்யிற வேலை" என்றால், அத்தை "ஏம்மா, அதெல்லாம் கம்ப்யூட்டர்ல பண்றதுதானே?" என்று கேட்டார். பக்கத்து வீட்டு அக்கா கேட்டதும் அதையேதான்.

இல்லை, கையால் செய்வது. உள்ளே ஃபைபர் கிளாஸ் மண்டை ஓடு, அதில் தாடைக்கும் இமைக்கும் மூட்டுகள், அவற்றை இழுக்கச் சொன்ன அளவுக்கு மட்டும் திரும்பும் சின்னச் சின்ன சர்வோ மோட்டார்கள், சில இடங்களில் சைக்கிள் பிரேக் போன்ற கேபிள். அதன் மேல் தோல். தோலில் ரோமத்தை ஊசியால் ஒவ்வொன்றாகக் குத்தி ஏற்ற வேண்டும். ஒரு கன்னத்துக்கே வாரக்கணக்கில் ஆகும், ஏனென்றால் ரோமம் சாயும் திசை கொஞ்சம் பிசகினாலும் கேமரா காட்டிக்கொடுத்துவிடும். படப்பிடிப்பில் ஒருவர் கண்ணை இயக்குவார், இன்னொருவர் உதட்டை, வேறொருவர் கழுத்தை. நடிகர் பேசி முடித்ததும் அந்த மிருகம் ஒரு நொடி தாமதித்துத் திரும்பிப் பார்க்கிறதே, அது அத்தனை பேரும் ஒரே மூச்சில் சேர்ந்து செய்கிற நடிப்பு. எதிரே நிற்கும் நடிகர் அதன் கண்ணைப் பார்த்து உண்மையாகவே தடுமாறுவதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அதைவிடப் பெரிய பாராட்டு எனக்குத் தெரியவில்லை.

ஆனால் வெளியே பாராட்டு வந்து சேர்வது குறைவு. 1993இல் வந்த ஜுராசிக் பார்க்கில் டைனோசர்கள் திரையில் இருக்கும் நேரம் மொத்தமே கால் மணி நேரம்தான். அதில் பாதிக்கு மேல், ஹாலிவுட்டில் மிருக உருவங்கள் செய்வதில் பேர்பெற்ற ஸ்டான் வின்ஸ்டன் பட்டறையின் இயந்திர உருவங்கள். மழைக் காட்சியில் ஏறக்குறைய 4 டன் எடையுள்ள அந்த டி-ரெக்ஸின் ஃபோம் ரப்பர் தோல் தண்ணீரை உறிஞ்சிக் கனமாகி, உடம்பே நடுங்க ஆரம்பித்தது. ஒவ்வொரு ஷாட்டுக்கும் இடையில் ஆட்கள் துண்டும் டிரையருமாக அதைத் துடைத்துக் காயவைத்தார்கள். பார்த்தவர்கள் சொன்னது "கிராபிக்ஸ் பிரமாதம்" என்று. ஆஸ்கரில் இயந்திர மிருகங்களுக்கென்று தனிப்பிரிவு கிடையாது. காட்சி விளைவுகளோடோ ஒப்பனையோடோ சேர்ந்துதான் போக வேண்டும். பன்றிக்குட்டி ஒன்றின் கதையான பேப் படத்துக்கு 1996இல் காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கர் கிடைத்தபோது வாங்கிய நால்வரில் நீல் ஸ்கான்லன், ஜான் காக்ஸ் இருவரும் மிருகம் செய்யும் கலைஞர்கள். எனக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். இருந்தாலும் ரோமம் குத்தியவர்கள், அச்சு எடுத்தவர்கள் பெயர் படம் முடிந்து எல்லோரும் எழுந்து போகும்போதுதான் ஓடுகிறது.

இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது, ஏற்காடு சாலையில் நுழைவாயில் வளைவு மட்டும் மிஞ்சி நிற்கும் பழைய சினிமா ஸ்டுடியோ மாடர்ன் தியேட்டர்ஸ் 1952இலேயே இந்த வேலைக்குள் நுழைந்திருக்கிறது. டி.ஆர்.சுந்தரம் தொடங்கிய அந்த நிறுவனம் அமெரிக்காவின் லிப்பர்ட் பட நிறுவனத்தோடு சேர்ந்து ஒரு படம் எடுத்தது, தமிழில் 'காடு'. அதில் மாமூத் என்னும் பழங்கால யானைகள் வரும். நிஜ யானைகளுக்கு நீள ரோமம் போர்த்தி மாமூத் ஆக்கியிருக்கிறார்கள். அசையும் மிருகத்தின் மேல் போர்வை நழுவாமல் நிற்பது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். யானை காதை ஆட்டும், உடம்பை உரசும், சட்டென்று உட்காரும். அந்த ரோமத்தைத் தைத்த கைகள் யாருடையவை என்று பழைய ஆட்கள் பலரிடம் விசாரித்தேன். யாருக்கும் தெரியவில்லை. எனக்கு அது ஆறவே இல்லை.

சேலத்தில் குகை என்னும் பகுதியில் உள்ள மாரியம்மன் கோயில் ஆடித் திருவிழாவில் வண்டி வேடிக்கை பார்த்தபோது அதே நினைப்புதான். சாமி வேடமிட்டவர்களை ஏற்றி அலங்கார வண்டிகள் வரிசையாக வருகின்றன. கிரீடம் ஒட்டியவர், ஒப்பனை போட்டவர், வெல்டிங் அடித்தவர் எல்லோரும் கூட்டத்தோடு கூட்டமாக நின்று தாங்கள் செய்ததை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் ஒரு வண்டிக்குழுப் பையன்களோடு பேச்சு கொடுத்தேன். "அக்கா, அம்மனோட சிங்கம் கண்ணு சிமிட்டுமாக்கா?" என்று ஒருவன் கேட்டான். சிமிட்டும் என்றேன். கூலி வேண்டாம், வண்டியின் பின்பக்கம் ஒரு பலகை வேண்டும், அதில் வேலை செய்த எல்லோர் பெயரும் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும் என்றேன். ஒத்துக்கொண்டார்கள். இமைக்கு சர்வோ வந்துவிட்டது. பிடரிக்குச் சணலா, செயற்கை ரோமமா என்று வெல்டர் அண்ணனும் தையல்காரரும் இன்னும் வாக்குவாதத்தில் இருக்கிறார்கள். நான் சணல் பக்கம்.