புதிய சிலந்திப் பேரினம் ஒன்றை நிறுவிய அனுபவம்

மலைச்சரிவின் இலைச்சருகைச் சலித்தபோது கிடைத்த அச்சிறு சிலந்தி, தாவும் சிலந்திகளின் குடும்பமான சால்டிசிடேவைச் சேர்ந்தது என்பதை முகப்பிலிருந்த இரு பெரிய கண்களே சொல்லிவிட்டன. எந்தப் பேரினம் (நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுதி) என்பதுதான் நெடுங்காலம் பிடிபடவில்லை. இக்குடும்பத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்ட இனங்கள் பதிவாகியுள்ளதால், நிறத்தையும் உடலமைப்பையும் மட்டும் வைத்து எதையும் உறுதியாகக் கூற இயலாது.

சிலந்திகளைப் பிரித்தறிய உதவும் இனப்பெருக்க உறுப்புகள் முதிராதவற்றில் முழுமை பெற்றிருக்காது என்பதால், முதிர்ந்த ஆணும் பெண்ணும் தென்படும் பருவத்தில் மறுபடியும் மலையேறினேன். ஆணின் வாயருகே உள்ள கால்போன்ற உறுப்பான பெடிபால்ப்பில் விந்தைச் செலுத்தும் எம்போலஸின் வளைவையும், பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் தெளியவைத்த, பெண்ணின் இனப்பெருக்க உறுப்பான எபிஜைனின் உட்குழாய்கள் செல்லும் போக்கையும் நுண்ணோக்கியின் கீழ் வரைந்தேன். ஒளிப்படக்கருவி இருந்தும் கையால் வரைவதையே நான் பெரிதும் நம்புகிறேன். ஒரு விளிம்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று வரைகிற கைதான் கண்ணைத் தேடவைக்கிறது.

இது புதிய இனம் என்பதற்கான சான்றுகள் விரைவில் சேர்ந்துவிட்டன. புதிய பேரினம் என்பதற்கோ வேறுபாடு மட்டும் போதாது. நெருங்கிய பேரினம் ஒன்றில் இதைச் சேர்த்தால், அந்தப் பேரினம் ஒரே மூதாதையிலிருந்து கிளைத்த முழுமையான குழுவாக நீடிக்குமா என்பதே கேள்வி. ஒரு பேரினத்தின் பெயர், அதற்கு அடையாளமாக நிர்ணயிக்கப்பட்ட வகைமாதிரி இனத்தோடு பிணைந்திருப்பதால், ஒப்பீட்டையும் அந்த இனங்களின் பழைய அருங்காட்சியக மாதிரிகளோடுதான் செய்ய வேண்டும். இப்பணியில் அதிகப் பொறுமையைக் கேட்டது இப்பகுதியே. மைட்டோகாண்ட்ரியாவிலுள்ள சிஓஐ மரபணு இனங்களைப் பிரித்தறிய உதவினாலும், பேரின அளவிலான பழைய கிளைகளுக்கு அதை மட்டும் நம்ப முடியாது என்பதால், உட்கருவிலுள்ள 28எஸ் மரபணு வரிசையையும் சேர்த்தே, உறவுமுறையைக் காட்டும் மரபுவழி மரத்தை அமைத்தேன்.

பெயரிடுதல் எளிதென்று தோன்றலாம். ஆனால் விலங்குலகின் எந்தப் பேரினத்துக்கும் ஏற்கெனவே சூட்டப்பட்ட பெயரை மீண்டும் சூட்ட முடியாது. நான் விரும்பியதை ஒரு வண்டு முந்திக்கொண்டிருந்தது. 1930-க்குப் பிறகு வெளியிடப்படும் பேரினப் பெயருக்கு வகைமாதிரி இனத்தைக் குறிப்பிடுவது கட்டாயம் என்பதால் அதனையும் நிர்ணயித்து, இனப்பெயருக்கு ஆதாரமாக வைக்கும் தனி மாதிரியாகிய ஹோலோடைப்பை அருங்காட்சியகத்தில் ஒப்படைத்து, பெயரை விலங்குப் பெயர்களின் இணையப் பதிவேடான ஜூபேங்கில் பதிவு செய்தேன்.

ஒரே ஓர் இனத்துக்காக ஒரு பேரினம் தேவையா என்று மதிப்பாய்வாளர் ஒருவர் கேட்டார். அத்தகைய பேரினங்களில் எனக்கும் தயக்கம் உண்டு. எனினும், இச்சிலந்தி அருகிலுள்ள இரண்டு பேரினங்களையும் உள்ளடக்கிய கிளைக்கு வெளியே தனித்து நிற்பதையும், எதனுள் சேர்த்தாலும் அப்பேரினத்தின் வரையறை குலைவதையும் மரத்தைக் காட்டி விளக்கிய பின்னரே கட்டுரை ஏற்கப்பட்டது.