பக்க வெளிச்சத்தில் கீழவளவு

மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளைப் படமெடுப்பது என் தொழிலில் பெரும்பகுதி. நாட்காட்டிக்கும் விடுதிச் சுவருக்கும் படம் கேட்பவர்கள் மனிதக் கை படாத மலையையே விரும்புகிறார்கள். மின்கம்பியையும் பாறையில் பெயின்ட்டால் எழுதிய பெயர்களையும் கணினியில் அழித்துத் தரச் சொல்கிறார்கள். ஆனால் இந்தக் குன்றுகளில் மனிதக் கை ஈராயிரம் ஆண்டுகளாகப் பட்டுக்கொண்டே இருக்கிறது.

மேலூரை அடுத்த கீழவளவின் பஞ்சபாண்டவர் மலையில் சமணத் துறவியர் தங்கிய கற்படுக்கைகளும், தொண்டியைச் சேர்ந்த ஒருவரின் கொடையைச் சொல்லும், தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் அமைந்த கல்வெட்டும், பிற்காலத்துத் தீர்த்தங்கரர் புடைப்புச் சிற்பங்களும் உள்ளன. உச்சி வெயிலில் அந்த எழுத்துகள் பாறையோடு பாறையாகிவிடும். ஒளி பாறைப் பரப்பை உரசியபடி பக்கவாட்டில் வரும்போதுதான் வெட்டின் ஒரு விளிம்பு ஒளிர்ந்து மறுவிளிம்பு நிழலில் விழுகிறது. எழுத்தைக் காட்டுவது அந்த நிழலே. வெயில் எட்டாத இடங்களில் ஃபிளாஷைக் கேமராவிலிருந்து கழற்றி, தள்ளிப் பிடித்தால் இதே பயன் கிடைக்கும். எழுத்தைத் துலக்கச் சாக்பீஸ் பூசும் பழக்கத்தை நான் ஏற்பதில்லை. அது கல்லுக்கும் கெடுதல், நம் வாசிப்பை எழுத்தின்மேல் திணிப்பதும் ஆகும்.

அதே பக்க வெளிச்சம், சுற்றியுள்ள கிரானைட் குவாரிகளின் வெட்டுமுகத்தில் வரிசையாக இறங்கும் துளைத் தடங்களையும் எடுத்துக்காட்டுகிறது. 2012இல் முறைகேட்டுப் புகார்கள் வெடித்து, குவாரிகள் மூடப்பட்டபின் ஆழமான குழிகளில் நீர் தேங்கிவிட்டது. அந்தப் பச்சை நீர் படத்தில் மிக அழகாக விழுவதுதான் எனக்குப் பெரிய சிக்கல். நீரை மட்டும் நெருங்கி எடுத்தால் பார்ப்பவர் அதை மலைச்சுனை என்றே எண்ணுவார். ஆகவே செங்குத்தாக அறுக்கப்பட்ட சுவரையும், முடிந்த இடங்களில் பின்னால் எஞ்சி நிற்கும் குன்றையும் சட்டகத்துக்குள் கொண்டுவர அகன்ற லென்ஸையே பயன்படுத்துகிறேன், நிறங்களை மிகைப்படுத்துவதில்லை. ஆடு மேய்ப்பவர் குறுக்கே வந்தால் விலகச் சொல்வதுமில்லை. அவர் நின்றால்தான் ஓர் ஆள் படுக்கும் அளவுக்குச் செதுக்கியவர்களுக்கும் மலையையே அறுத்தவர்களுக்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்கு அளவாகத் தெரிகிறது.

2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியிலும் இப்படியே, குன்றைத் தனியே பிரிக்காமல் கண்மாயோடும் வயலோடும் சேர்த்து எடுத்துவருகிறேன்.