வற்றம் காலை ஆறரைக்கு

மார்ச் 5, 2023, ஞாயிறு

குளிர் விட்டுவிட்டது. கம்பளிச் சட்டை இல்லாமலே இன்று கடற்கரை வரை நடந்தோம். தண்ணீரில் கால் வைத்த பிறகுதான் கடலுக்கு இன்னும் வசந்தம் வரவில்லை என்று தெரிந்தது. தரை சீக்கிரம் சூடேறும், கடல் மெதுவாகத்தான் ஏறும். வெயிலைப் பார்த்து ஏமாந்து இப்போது குளிக்க இறங்குவது ஆபத்து. குளிர்ந்த நீரில் சட்டென்று இறங்கினால் மூச்சே திணறும்.

மகளின் முகம் வாடிவிட்டது. "சரி, இந்த மாதம் பாறைக் குளங்களுக்குப் போகலாம்" என்றேன். அலை பின்வாங்கும்போது பாறைப் பள்ளங்களில் தங்கிவிடும் நீரைத்தான் நாங்கள் குளம் என்போம். கேட்டுக்கொண்டிருந்த அம்மா, "என்னையும் ஒரு தடவை கூட்டிப் போயேன்" என்றார். முட்டி வலியால் இரண்டு வருடமாக அவர் மணலைத் தாண்டியதில்லை.

மார்ச் 12, ஞாயிறு

இன்று நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன், வேறு யாருக்காவது உதவும்.

வற்றம், அதாவது கடல் நீர் மிகவும் இறங்கியிருக்கும் நேரம், காலை ஒன்பதேகாலுக்கு. நானும் மகளும் பாறைக்குப் போய்ச் சேர்ந்ததே பதினொரு மணிக்கு. அலை முன்னால் தூரத்தில் இருந்ததால் கவலைப்படவில்லை. பன்னிரண்டே கால் வாக்கில் திரும்பிப் பார்த்தால், நாங்கள் கடந்து வந்த மணல் பள்ளம் வாய்க்காலாகியிருந்தது. கடல் எப்போதும் முன்னாலிருந்துதான் வரும் என்று நினைக்கக் கூடாது. தாழ்வான பள்ளங்கள் வழியாகச் சுற்றிக்கொண்டு முதுகுக்குப் பின்னால் வந்துவிடும். மகளைத் தூக்கிக்கொண்டு முழங்காலுக்கு மேல் ஓடும் நீரில் கரையேறினேன். அவளுடைய ஒரு செருப்பு போய்விட்டது. வீட்டுக்கு வந்தும் வெகுநேரம் கை நடுக்கம் நிற்கவில்லை.

படகு ஓட்டுபவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். நாளுக்கு இரண்டு வற்றம், இரண்டு ஏற்றம் உள்ள கரைகளில் நீர் ஏற ஏறக்குறைய ஆறு மணி நேரம். மொத்த உயரத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால், முதல் மணியில் ஒரு பங்கு ஏறும், இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று, அப்புறம் இரண்டு, ஒன்று. அதாவது நடுவில் உள்ள இரண்டு மணி நேரத்திலேயே பாதி நீர் வந்துவிடும். நாங்கள் பாறையில் இருந்தது சரியாக அந்த நேரம்! வற்றத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய்விட வேண்டும், நீர் திரும்பியதும் கிளம்பிவிட வேண்டும். இனி இதை மாற்றப் போவதில்லை.

மார்ச் 15, புதன்

அரை நிலா. சூரியனும் நிலாவும் வெவ்வேறு பக்கம் இழுக்கும் நாள், அதனால் கடல் அதிகம் ஏறுவதும் இல்லை, வற்றுவதும் இல்லை. பாறைக்குப் போய்ப் பயனில்லை. கடல் ஏறி இறங்கும் நேரங்களைச் சொல்லும் ஓத அட்டவணையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 19ஆம் தேதி நிலா பூமிக்கு அருகில், சுமார் 3,63,000 கிலோமீட்டரில். அடுத்து, சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேராக வரும் சமநாள். 21ஆம் தேதி அமாவாசை. கடலை அதிகம் இழுக்கும் இந்த மூன்றும் மூன்று நாளுக்குள்! பெரிய வற்றம் அமாவாசைக்கோ பௌர்ணமிக்கோ ஓரிரு நாள் கழித்துத்தான் வரும். இங்கே 22, காலை ஆறரை. அம்மாவிடம் தேதியைச் சொன்னேன்.

மார்ச் 19, ஞாயிறு

பட்டம் விட்டோம். காலையில் ஓர் இலைகூட அசையவில்லை. பதினொரு மணிக்குத் தரை காய்ந்து, அதன் மேலிருந்த காற்று எழும்ப, கடலிலிருந்து காற்று வீசத் தொடங்கியது. கடல் குளிர்ந்தும் தரை சூடாகவும் இருக்கும் இந்தப் பருவத்தில் அது பலமாகவே வீசும். நூல் விரலை அறுக்கும் அளவுக்கு இழுத்தது.

மார்ச் 22, புதன்

அலுவலகத்துக்குப் பத்து மணி வரை அனுமதி வாங்கியிருந்தேன். ஐந்தரைக்குக் கிளம்பினோம். ரப்பர் அடி கொண்ட காலணி, ஊன்றுகோல், ஒரு பிளாஸ்டிக் முக்காலி. பாசி படிந்த கற்களைத் தவிர்த்து, மணல் தெரிகிற இடமாகப் பார்த்து அம்மாவை நடத்திப் போனேன். சாதாரணமாக ஐந்து நிமிட வழி, இருபது நிமிடம் ஆனது. போய்ச் சேர்ந்தபோது சூரியன் மேலே வந்துகொண்டிருந்தது. நான் ஒருநாளும் பார்க்காத பாறைகள் வெளியே கிடந்தன, நீர் சொட்டச் சொட்ட.

நானும் மகளும் குளம் குளமாகத் தாவினோம். அம்மாவால் அது முடியாது. ஒரு குளத்தின் ஓரத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அகலம் ஒரு அண்டா வாய் அளவுதான் இருக்கும். கால் மணி நேரம் கழித்து, "கண்ணு, இங்கே வா. சத்தம் போடாதே" என்று மெல்லக் கூப்பிட்டார்.

குனிந்தேன். முதலில் வெறும் நீர். அவர் விரல் காட்டிய இடத்தில், சுண்ணாம்புப் பொருக்கு போல் ஒட்டியிருந்த கொட்டலசு ஒவ்வொன்றும் மேல் மூடியைத் திறந்து, இறகு போன்ற கால்களை நீட்டி நீரை அள்ளியது. நீட்டும், மடக்கும், நீட்டும். தலையைப் பாறையில் ஒட்டிக்கொண்டு, வாழ்நாள் முழுக்கக் காலால் இரை பிடிக்கும் உயிர் அது. பக்கத்தில் சிவப்புக் களிக் கட்டி என்று நான் தாண்டிப் போனது, கடல் சாமந்தி என்ற பூப் போன்ற உயிர். நீருக்கு வெளியே இருந்தது சுருங்கிக் கிடக்க, நீருக்குள் இருந்தது இதழ் விரித்திருந்தது.

விளிம்பில் குடை போன்ற ஓட்டுடன் ஒரு லிம்பெட், பாறையில் ஒட்டி வாழும் நத்தை வகை. நீர் ஏறியதும் பாசி மேயக் கிளம்பும், வற்றுமுன் தன் பழைய இடத்துக்கே திரும்பும். ஓட்டின் விளிம்பும் அந்த இடத்துப் பாறையும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி தேய்ந்திருக்கும். இதைச் சொன்னதும் அம்மா அதைத் தொடப்போன கையை எடுத்துவிட்டார். "அது வீட்டில் இருக்கிறது" என்றார்.

மகளும் வந்து பாட்டி பக்கத்தில் குந்தினாள். மூவரும் அந்த ஒரு குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். இத்தனை வருடம் எத்தனை குளங்களை அவசரமாகத் தாண்டியிருக்கிறேன் என்று வருத்தமாக இருந்தது. ஆறே முக்காலுக்கு நீர் திரும்பியது. உடனே கிளம்பிவிட்டோம்.

மார்ச் 26, ஞாயிறு

கரையோரம் கல்திருப்பி உள்ளான் பறவைகள். பழுப்பாக இருந்த முதுகில் செந்நிறம் ஏறத் தொடங்கியிருக்கிறது. இனப்பெருக்கத்துக்காக ஆர்க்டிக் பக்கம் பறக்கப் போகின்றன; அதற்கான கொழுப்பைச் சேர்ப்பது இப்போதுதான். குழந்தைகள் துரத்தினால் ஒவ்வொரு முறையும் அந்தச் சேமிப்பு வீணாகும். மகளிடம் விளக்கிச் சொன்னதும் மற்ற பிள்ளைகளையும் அவளே தடுத்தாள்.

ஏப்ரல் 2, ஞாயிறு

மகளின் பையில் ஐந்து காலிச் சங்குகள் இருந்தன. துறவி நண்டின் பின்னுடல் மெத்தென்று இருக்கும், அது காலிச் சங்குக்குள்தான் குடியிருக்கும், வளர வளரப் பெரிய சங்கு தேடும் என்றேன். கொஞ்சம் யோசித்து, நான்கைக் கொண்டுபோய்க் குளத்திலேயே போட்டாள். ஐந்தாவதில் ஓட்டை இருந்ததால் அவளே வைத்துக்கொண்டாள்.

இரவு அம்மா அடுத்த தேதி கேட்டார். 6ஆம் தேதி பௌர்ணமி, அப்படியானால் 8, சனிக்கிழமை, பள்ளியும் இல்லை. அன்றைய வற்றம் ஏழு மணியை ஒட்டி. முக்காலியைக் கழுவி வாசல் பக்கம் வைத்துவிட்டுத்தான் படுக்கப் போனார்.